‘அவன் நேரம் சார்’ என்றால் வேலை கிடைக்காது

சாரம் கட்டும் வேலைக்கு அரபு நாட்டுக்குப் போகிற பிள்ளைகள் என்னிடம் வந்து கேட்பது ஒன்றுதான். இண்டர்வியூவில் என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும்?

பைப் அளவு, கிளாம்ப் பெயர், எத்தனை பலகைக்கு எத்தனை குறுக்குப் பைப், இதெல்லாம் கேட்பார்கள். உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டால் ஒரு வாரத்தில் தெரிந்துகொள்ளலாம். அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

நான் ஒரே வேலைக்கு இரண்டு தடவை இண்டர்வியூ போனவன். முதல் தடவை தோற்றேன். இரண்டாம் தடவை எடுத்துக்கொண்டார்கள். நடுவில் நடந்ததைத்தான் சொல்ல வேண்டும்.

அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. அதுவரை மேலே ஏறிப் பைப் மாட்டுகிற ஆள்தான். முழங்கால் போயிருந்தது. ஏணி ஏறும்போது உள்ளே சத்தம் கேட்கும். பக்கத்தில் நிற்பவனுக்கும் கேட்குமோ என்று பயப்படுவேன். அந்த வயதுக்கு மேல் ஏறுகிற ஆளாக யாரும் எடுக்க மாட்டார்கள். ஃபோர்மேனாகப் போனால் போகலாம். இல்லாவிட்டால் ஊரோடு இருக்க வேண்டும். ஊரில் எங்களுக்கு இருந்தது உச்சிப்புளிக்குத் தெற்கே கொஞ்சம் மணல் காடு, அதில் சில தென்னை. மகள் நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். இந்த வேலை கிடைக்காவிட்டால் அவள் படிப்பு நிற்கும். அவ்வளவுதான் விஷயம்.

இண்டர்வியூ ராமநாதபுரத்தில், ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். முந்தின நாள் அங்கே கல்யாணம். வாசலில் கட்டிய வாழை அப்படியே நின்றது. கம்பெனி ஆட்கள் மணமகள் அறையில் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள் வெளியே பந்தி நாற்காலியில் வரிசையாக.

“ஏலே, பொண்ணு பாக்க வந்த மாதிரி உக்காந்திருக்கோமே” என்றான் எனக்குப் பின்னால் இருந்தவன்.

“பொண்ணு உள்ளதான்டா இருக்கு. கண்ணாடி போட்டு, தலை நரைச்சு.”

“சிரிக்குதா?”

“போனவன் எவனும் சிரிச்சுக்கிட்டு வரல.”

ஏஜெண்ட் ஆபீஸ் பையன் வரிசை வரிசையாக வந்து காதில் ஓதிக்கொண்டு போனான். என்னிடம் வந்ததும் குனிந்தான்.

“அண்ணே, நீங்க அந்த ஷட்டவுன்ல வேலை பாத்தவுகதான? அங்க ஒரு ஆள் செத்துப்போனாருல்ல, அதக் கேப்பாக. மொகத்தத் தொங்கப் போட்டு, விதி சார்னு சொல்லிருங்க. மேல ஒரு வார்த்தை பேசாதீக. கம்பெனி மேல குறை சொன்னா, வேற எந்தக் கம்பெனியும் எடுக்காது.”

ஷட்டவுன் என்றால் எண்ணெய் ஆலையை மொத்தமாக நிறுத்திவிட்டு ரிப்பேர் பார்ப்பது. குறித்த நாளுக்குள் முடித்தாக வேண்டும். எல்லோரும் ஓடிக்கொண்டே இருப்பார்கள். இரண்டு வருடம் முன்னால் அப்படி ஒரு ஷட்டவுனில் எங்களோடு இருந்த காளிமுத்து மேலிருந்து விழுந்து செத்தான். கடலாடிப் பக்கத்துக்காரன். நானும் அவனும் கேம்பில் ஒரே அறை. அவன் விழும்போது நான் கீழே நின்று பைப் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். நரைத்த ஆள் சேஃப்டி மேனேஜர். தமிழ் ஆள்தான். பக்கத்தில் இரண்டு பேர், அவர்கள் பேசவில்லை. என் சர்டிபிகேட்டைப் பார்த்தார். வேலை பற்றி ஏழெட்டுக் கேள்வி. எல்லாம் சொன்னேன். பிறகு ஒரு தாளில் விரலை வைத்தார்.

“இந்த ஷட்டவுன்ல ஒருத்தர் விழுந்து இறந்தாரே. எப்படி?”

“அவன் நேரம் சார்.”

“நேரம்னா?”

“விதி சார்.”

“நீங்க எங்க இருந்தீங்க?”

“கீழ சார்.”

“என்ன பாத்தீங்க?”

“விழுந்ததப் பாத்தேன் சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “உங்களுக்கு முன்னாடி நாலு பேர் அதே சைட்டுல இருந்து வந்தாங்க. நாலு பேரும் நேரம்னு சொன்னாங்க. உங்ககிட்ட முப்பது ஆள ஒப்படைச்சா, நாளைக்கு ஒருத்தன் விழுந்தாலும் இதத்தான் என்கிட்ட சொல்லுவீங்க. போயிட்டு வாங்க.”

நான் வணக்கம் வைத்துவிட்டு வெளியே வந்தேன். பின்னால் இருந்தவன் கேட்டான், “பொண்ணுக்குப் பிடிச்சிருக்கா அண்ணே?” நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

நாங்கள் ஐந்து பேரும் பேசி வைத்துச் சொல்லவில்லை. ஏஜெண்ட் பையன் சொன்னதற்காக மட்டும் சொல்லவும் இல்லை. நம் பக்கத்தில் செத்தவன் மேல் குறை பேச மாட்டோம். சாவு வீட்டுக்குக் கேதம் கேட்கப் போனால் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, ‘அவன் நேரம்’ என்று சொல்லிவிட்டு எழுந்து வருகிறோம். அதற்கு மேல் பேசுகிறவன் மரியாதை இல்லாதவன். அந்த மரியாதையை இண்டர்வியூ மேசையிலும் கொண்டுபோய் வைத்தோம். இன்னொன்றும் உண்டு. அன்றைக்கு எங்களுக்கு ஃபோர்மேனாக இருந்தவர் நம் பக்கத்து ஆள். இப்போதும் அவர்தான் பல கம்பெனிக்கு ஆள் எடுத்துக் கொடுக்கிறார். நேரம் என்று சொல்லிவிட்டால் அவரையும் இழுக்க வேண்டாம். ஒரு வார்த்தை எல்லோரையும் காப்பாற்றிவிடுகிறது. அதனால்தான் அது வாயில் தயாராக இருக்கிறது.

அடுத்த மாதம் அதே மண்டபத்தில் மறுபடி ஆள் எடுப்பார்கள், தோற்றவர்களும் வரலாம் என்று ஏஜெண்ட் ஆபீசில் சொன்னார்கள். நான் கிளாம்ப் பெயரையெல்லாம் மறுபடி சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதும் புத்தி வரவில்லை.

இரண்டு நாள் கழித்துக் காளிமுத்துவின் வீட்டுக்காரி எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெயர் பஞ்சவர்ணம். மிளகாய்க் காட்டில் இருந்து நேரே பஸ் ஏறியிருந்தாள். சேலையில் மிளகாய் நெடி. என் வீட்டுக்காரி தும்மினாள். பஞ்சவர்ணம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து எனக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

“மண்டபத்துல அவுகளப் பத்திக் கேட்டாகளாம்ல?”

“கேட்டாக.”

“நீங்க என்னண்ணே சொன்னீக?”

“அவன் நேரம்னு சொன்னேன்.”

“கேதத்துக்கு வந்தப்ப எங்கிட்டயும் அதத்தான் சொன்னீக. வந்த எல்லாரும் அதத்தான் சொன்னாக. கம்பெனிக்காரன் போன்ல, கால் தவறி விழுந்துட்டாருன்னான். எந்தக் கால்ண்ணே?”

நான் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினேன்.

“வலதா, எடதா?”

“கால் தவறலம்மா.”

“அப்ப?”

“பலகை கவுந்துச்சு.”

“பலகை ஏன் கவுந்துச்சு?”

“ஒரு பக்கம் கட்டல.”

“யாரு கட்டல? அவுகளா?”

“இல்ல. அதுக்கு முந்தின ஷிப்டுக்காரங்க. கட்டுக்கம்பி தீந்து போச்சு. டீக்கு அப்புறம் கட்டிக்கலாம்னு விட்டவங்க, கட்டாமலே ஷிப்டு முடிஞ்சு போயிட்டாங்களாம்.”

“கட்டலன்னு தெரிஞ்சே அவுக ஏறுனாகளா?”

“தெரியாது. சாரம் முடியலன்னா செவப்பு அட்டை தொங்கணும். முடிஞ்சா பச்சை. அன்னைக்குப் பச்சை தொங்குச்சு. அதப் பாத்துத்தான் ஏறுனான்.”

“பச்சைய யாரு தொங்கவிட்டது?”

என் வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள்.

“ஃபோர்மேன்” என்றேன்.

பஞ்சவர்ணம் அந்த ஆளைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. அடுத்த கேள்விக்குப் போனாள்.

“பெல்ட்டு போட்டிருந்தாகளா?”

“போட்டிருந்தான். கொக்கியக் கழட்டி அடுத்த பைப்புல மாத்திக்கிட்டு இருந்தான். அவனுக்குக் கொடுத்தது ஒத்தக் கொக்கி பெல்ட்டு. மாத்துற நேரம் எதுலயும் மாட்டியிருக்காது. அந்த நேரந்தான் பலகை கவுந்துச்சு.”

“நீங்க பாத்தீகளா, யாரும் சொல்லிக் கேட்டீகளா?”

“பாத்தேன்.”

என் வீட்டுக்காரி காப்பி கொண்டு வந்தாள். பஞ்சவர்ணம் சூடாகவே குடித்து முடித்து, டம்ளரைத் தரையில் வைத்தாள். பிறகுதான் கேட்க வந்ததைக் கேட்டாள்.

“அன்னைக்குக் காலையில எங்களுக்குச் சண்டை. போன்ல. ஊர்ப் பொங்கலுக்கு வாரேன்னாக. வராதீக, காண்ட்ராக்ட முடிச்சிட்டு வாங்கன்னு கத்திட்டேன். போன வச்சுட்டாக. நான் கத்துனத நெனச்சுக்கிட்டேதான் காலத் தவற விட்டாகளோன்னு இருக்கேன். ஊர்ல அதவிட மோசமாவும் பேசுறாக. தானா குதிச்சான்ங்கிறாக. அன்னைக்கு ஏதாச்சும் சொன்னாகளா?”

“டீ குடிக்கையில சொன்னான்.”

“என்னன்னு?”

“‘எம் பொண்டாட்டி என்னைய விட மொளகாயத்தான்டா நெதம் பாக்குறா. என்னைய வரவே வேணாம்னுட்டா’ன்னான். சொல்லிட்டுச் சிரிச்சான். எல்லாரும் சிரிச்சோம்.”

“சிரிச்சாகளா? நெசமா?”

“நெசமா.”

அவள் அழவில்லை. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். மிளகாய் கண்ணில் பட்டுக் கண் சிவந்தது. “ரெண்டு வருசம்ண்ணே” என்றாள். கிளம்பும்போது, “அங்க மறுபடி கேட்டா இதயே சொல்லுங்க. அவுக பேரக் காப்பாத்துறேன்னு ஒண்ணும் மறைக்க வேணாம். கொக்கி மாட்டாததையும் சேத்துச் சொல்லுங்க” என்றாள்.

அவள் பஸ் ஏறிய பிறகு யோசித்தேன். மண்டபத்தில் அந்த மேனேஜர் கேட்டதும் இவள் கேட்டதும் ஒரே கேள்விதான். எங்கே நின்றாய், என்ன பார்த்தாய், அதற்கு முன்னால் என்ன நடந்தது. இவளுக்குப் பதில் சொல்ல முடிந்ததென்றால் அவருக்கும் சொல்லலாம்.

தம்பிகளே, நான் இண்டர்வியூவுக்குத் தயார் செய்தது அவ்வளவுதான். தென்னந்தோப்பில் நடந்துகொண்டே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். பார்த்ததைச் சொல். கேட்டதைப் பார்த்ததாகச் சொல்லாதே. நின்ற இடத்தில் இருந்து ஆரம்பி. ‘பாவம்’, ‘ஐயோ’ எதுவும் வேண்டாம். நாலு தடவை சொன்ன பிறகுதான் குரல் நடுங்காமல் வந்தது. நீங்களும் மனதுக்குள் சொல்லிப் பார்க்காதீர்கள். மனதுக்குள் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். வாயைத் திறந்தால்தான் எங்கே நிற்கிறது என்று தெரியும்.

இண்டர்வியூவுக்கு முந்தின நாள் சாயங்காலம் பழைய ஃபோர்மேன் போன் செய்தார். யார் சொன்னார்களோ தெரியாது.

“என்ன மாப்ள, நாளைக்கு மண்டபமாம்ல?”

“ஆமா மாமா.”

“பஞ்சவர்ணம் வந்துட்டுப் போச்சாம்.”

“வந்துச்சு.”

“நாளைக்கு அங்கன என்னத்தையாச்சும் பேசி எம் பேர இழுத்து விட்றாத. ஒம் மக கல்யாணத்துக்கு நாந்தான் மொத ஆளா நிக்கணும். தெரியுதா?”

“தெரியுது மாமா.”

“வேலை கெடைக்கலன்னா விடு. நான் எங்கயாச்சும் சேத்து விடுறேன்.”

அது உண்மை. அவர் நினைத்தால் சேர்த்து விடுவார். நினைத்தால் சேர விடாமலும் செய்வார்.

மறுநாள் அதே மண்டபம், அதே அறை, அதே ஆள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார்.

“வேலை பத்தி ஒண்ணும் கேக்கப் போறதில்ல. போன தடவை கேட்டது பாக்கி இருக்கு. சொல்லுங்க.”

சொன்னேன். கீழே எங்கே நின்றேன் என்பதில் ஆரம்பித்தேன். கட்டுக்கம்பி தீர்ந்தது, ஒரு பக்கம் கட்டாத பலகை, பச்சை அட்டை, ஒற்றைக் கொக்கி, மாற்றும் நேரம். காளிமுத்து கொக்கி இல்லாமல் இருந்ததையும் சொன்னேன். மொத்தம் இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. அவர் எழுதவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார்.

“அந்த ஃபோர்மேன் யாரு?”

இந்த இடத்துக்குத்தான் நான் தயார் செய்யவில்லை. பெயரைச் சொன்னால் ஊரில் இருக்க முடியாது. சொல்லாவிட்டால் பழைய கதைதான், மறைக்கிற ஆள். இரண்டில் எதுவானாலும் வேலை போகும் என்று தோன்றியது. அவர் அவசரப்படுத்தவில்லை. நானும் அவசரப்படவில்லை. கேள்வி கேட்டவுடன் பதில் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, தம்பிகளே. உயரத்தில் நிற்கும்போது கொக்கி மாட்டிவிட்டுத்தானே அடுத்த காலை எடுத்து வைக்கிறோம்.

“பேரு சொல்ல மாட்டேன் சார்” என்றேன். “அந்தக் கம்பெனி கேட்டா அங்க சொல்லுவேன். இங்க சொன்னா கோள் சொல்லி வேலை வாங்குன மாதிரி ஆயிரும். ஆனா அட்டைய மாட்டுறது ஃபோர்மேன் வேலை. கட்டி முடிச்சாச்சான்னு தொட்டுப் பாக்காம பச்சைய மாட்டுனாரு. அந்த நாற்காலிக்குத்தான் நான் இப்ப வந்திருக்கேன். அதனால தப்பு எங்க நடந்துச்சுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரியும்.”

பக்கத்தில் இருந்தவர்களில் ஒருவர் இங்கிலீஷில் ஏதோ கேட்டார். மேனேஜர் சொன்னார். பிறகு என்னிடம், “நான் உங்க மேனேஜர். மதியத்துக்குள்ள சாரம் வேணும்ங்கிறேன். ஒரு பலகை கட்டல. என்ன செய்வீங்க?”

“செவப்பு அட்டைய மாட்டிட்டு உங்களுக்குப் போன் பண்ணுவேன் சார்.”

“நான் திட்டுவேன்.”

“திட்டுங்க சார்.”

“வேலைய விட்டு அனுப்புவேன்.”

“அனுப்புனா வந்துருவேன் சார். நடந்து வருவேன். பெட்டியில வர மாட்டேன். எங்கூட வந்தவனும் அப்படி வர மாட்டான்.”

கடைசியாக ஒன்று கேட்டார். “உங்க ஆள் ஒருத்தன் செத்துட்டான்னு வைங்க. அவங்க வீட்ல போய் என்ன சொல்வீங்க?”

“பாத்ததச் சொல்லுவேன் சார்.”

“சரி. வெளிய இருங்க.”

சாயங்காலம் பெயர் வாசித்தார்கள். என் பெயர் இருந்தது. சந்தோஷமா என்று கேட்டால், வீட்டுக்காரிக்குப் போன் செய்து சொன்னேன், அவள் அழுதாள். நான் மண்டப வாசலில் நின்று ஒரு டீ குடித்தேன். பழைய ஃபோர்மேன் அதன் பிறகு என்னிடம் பேசவில்லை. மகள் கல்யாணத்துக்கு வரவும் இல்லை. பெயரைச் சொல்லாமல் விட்டது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நீங்கள் என்னைப் போலவே சொல்ல வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று. மேசைக்கு முன்னால் உட்கார்ந்து நல்ல பதில் சொல்வது பெரிய காரியம் இல்லை. அந்தப் பதிலுக்குத்தான் வேலை கொடுக்கிறார்கள். பிறகு அதன்படி நடக்க வேண்டி வரும்.

எனக்கு வந்தது. ஃபோர்மேனாகி மூன்றாவது வருடம் என் ஆள் ஒருத்தன் செத்தான். கல்யாணம் ஆகாத பையன். நான் லீவில் ஊருக்கு வந்த மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். உத்தரகோசமங்கை தாண்டி உள்ளே ஒரு ஊர். சாவு நடந்து மாதங்கள் ஆகியிருந்தாலும் வேலை பார்த்த இடத்தில் இருந்து ஆள் வந்திருக்கிறது என்று சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். அவன் அய்யா சட்டை போடாமல் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் நான் என்ன சொல்வேன் என்று தெரிந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அதைச் சொல்லிவிட்டு எழுந்திருந்தால் சோறு போட்டு அனுப்பியிருப்பார்கள்.

“அய்யா, கிரேன் தூக்குறப்ப கீழ யாரும் நிக்கக் கூடாதுன்னு எல்லாரையும் வெளிய கூட்டியாந்துட்டேன்” என்றேன். “சுத்திக் கயிறு கட்டியாச்சு. தம்பி தண்ணிக் கேன உள்ள வச்சிட்டு வந்துட்டான். அத எடுக்கக் கயித்துக்குக் கீழ குனிஞ்சு உள்ள போனான். அப்ப மேலருந்து ஒரு பைப் நழுவி விழுந்துச்சு. கயித்துகிட்ட காவலுக்கு ஒரு ஆள நான் நிறுத்தியிருக்கணும். நிறுத்தல.”

அய்யா தலையைத் தூக்கினார்.

“எம் மகன் மேல தப்புங்கிறியா?”

“அவன் மேலயும் இருக்குய்யா. எம் மேலயும் இருக்கு.”

“யாருய்யா இந்தாளு?” என்று பின்னால் ஒருவர் எழுந்தார். “செத்தவன் வீட்டுக்கு வந்து செத்தவனையே குத்தம் சொல்லிக்கிட்டு. வெளிய போகச் சொல்லுங்க.”

“அவன் விதி. போதும், கெளம்புய்யா” என்றார் அய்யா. அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எழுந்தேன். செருப்பை மாட்டும்போது உள்ளே இருந்து அவன் அம்மா வந்தாள். கூட்டத்தைத் தாண்டி வந்து எனக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றாள்.

“நீங்க உக்காருங்க” என்றாள். “அவரு கெடக்காரு. எனக்கு இன்னொரு தடவ சொல்லுங்க.”

செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். சொன்னேன்.